ராமநாதபுரம் கடற்கரையில் வீடு வாங்க: தரகரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

2025 மார்ச் மாத மாநில பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் பற்றிய அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 6 அன்று, புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. மனை விற்பவர்களின் பேச்சில் இந்த இரண்டும் இப்போது தவறாமல் இடம்பெறுகின்றன. விளம்பரங்களில் ‘ரெரா’, ‘டிடிசிபி’, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’, ‘கடல் பார்த்த மனை’ என்று எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். படிப்பவருக்கு எல்லாம் அரசாங்க முத்திரை போலவே தெரியும். எது சட்டப்படியான அனுமதி, எது வெறும் விளம்பரம், தரகர் இதில் எதற்குப் பொறுப்பு என்பதில்தான் குழப்பம்.

தரகரின் வேலை இடத்தைக் காட்டுவதும் இரண்டு பக்கத்தையும் பேசி முடிப்பதும். இடம் யாருக்குச் சொந்தம் என்பதை ஆவணங்களும், அங்கே கட்டலாமா என்பதை வரைபடமும் ஆணைகளும்தான் சொல்ல முடியும். அந்தக் காகிதங்களைத் தாமதிக்காமல் கையில் தருபவர் நல்ல தரகர். ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரை எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் தவிர்ப்பது நல்லது.

தரகர் யாருடைய ஆள்?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி முகவர் என்பவர் இன்னொருவருக்காக வேலை செய்பவர். யாருக்காக என்பது தெளிவாக இருந்தால்தான் அவர்மேல் கடமை விழும். நடைமுறையில் மூன்று வகையினரைப் பார்க்கலாம்.

1. விற்பவரின் ஆள். லேஅவுட் (மனைப்பிரிவு) போட்டவரின் விற்பனைப் பிரதிநிதி இந்த வகை. அவர் உங்களிடம் கமிஷன் கேட்காததைச் சலுகையாக நினைக்க வேண்டாம். அவருக்குச் சம்பளம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது.

2. இரண்டு பக்கமும் தரகு வாங்குபவர். ஊர்ப்புறத்தில் இதுவே வழக்கம். தவறில்லை; ஆனால் விலையைக் குறைக்க அவர் உங்களுக்காக வாதாடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

3. நிலத்துக்கு அட்வான்ஸ் போட்டுவிட்டு, தரகர் போலப் பேசுபவர். கவனிக்க வேண்டியவர் இவர்தான். உரிமையாளர் சென்ட் 2 லட்சம் போதும் என்கிறார். மேலே கிடைப்பது தரகருக்கு என்று வாய்ப்பேச்சு. உங்களிடம் 2.6 லட்சம் சொல்லப்படுகிறது. 8 சென்ட் மனைக்கு வித்தியாசம் 4.8 லட்சம். முறையான 1 விழுக்காடு தரகு என்றால் அவருக்குக் கிடைத்திருப்பது 20,800 ரூபாய். இவ்வளவு பணம் அவருக்கே வரப்போகும்போது அந்த மனையின் குறையை அவர் வாயிலிருந்து கேட்க முடியாது.

உங்களுக்காக வேலை செய்ய ஒப்புக்கொண்ட முகவர், உண்மையை மறைத்துத் தன் சொந்தக் கணக்கில் உங்களோடு வியாபாரம் செய்திருந்தால், அந்த ஏற்பாட்டை ஏற்க மறுக்க ஒப்பந்தச் சட்டத்தின் 215ஆம் பிரிவு இடம் தருகிறது. அடுத்த பிரிவின்படி அவர் அடைந்த லாபத்தையும் கேட்கலாம். அதற்கு முதலில் அவர் உங்கள் முகவர் என்பதற்கு எழுத்து வேண்டும். ‘இந்த இடத்தில் எனக்கோ என் குடும்பத்துக்கோ உரிமையோ ஒப்பந்தமோ அட்வான்ஸோ இல்லை’ என்ற ஒரு வரியை எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மூன்றாவது வகைக்காரர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

ரெரா பதிவு எதைக் காக்கும்?

‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2017இல். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்றாலோ, 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்றாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 12.36 சென்ட். நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டினாலும், எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே கணக்கு. இப்படிப் பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்றுத்தரும் ஏஜென்டும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தன் எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு செய்யாத திட்டத்தை அவர் விற்கவே கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை மதிப்பில் 5 விழுக்காடு வரை அபராதம்.

ஏஜென்டின் எண் வேறு, திட்டத்தின் எண் வேறு. பலகையில் ஏஜென்ட் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு ‘ரெரா அப்ரூவ்டு’ என்று எழுதினால், லேஅவுட்டே பதிவானது போலத் தோன்றும். இரண்டு எண்களையும் வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் தனித்தனியாகப் பாருங்கள். ஏஜென்ட் பதிவுக்கு ஆயுள் 5 ஆண்டு. காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டம் தொடாத இடம் ஒன்று உண்டு. கீழக்கரைத் தெருவில் ஒரு பழைய வீட்டையோ, தொண்டியில் ஒருவர் தன் பெயரில் வைத்திருக்கும் ஒற்றை மனையையோ விற்றுத்தரும் தரகருக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே பதிவு இல்லாதவரெல்லாம் மோசடிக்காரர் அல்ல. பதிவு உள்ளவரெல்லாம் கடற்கரை நிலம் தெரிந்தவரும் அல்ல.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ பற்றி ஒரே வார்த்தை: மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ‘டிடிசிபி’ எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு உரியது. ஊராட்சியின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்வதைத் தடுக்கும் பதிவுச் சட்டப் பிரிவு 22-ஏ, 2016 அக்டோபர் 20 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. ‘பழைய லேஅவுட்’ என்று தரகர் சொன்னால், வரன்முறை ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள்.

கடல் போட்ட கோடு

மதுரையிலோ திருச்சியிலோ கெட்டிக்காரத் தரகராக இருப்பவர் இந்தக் கடற்கரையில் தடுக்கி விழுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில்தான். அளவு தொடங்கும் இடம் உயர் அலைக் கோடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கில் நீர் ஏறும் உச்ச எல்லையை வைத்து வரையப்படும் கோடு அது. இன்று அலை நனைக்கும் மணலிலிருந்து அடி போட்டு அளந்து ‘இருநூறு மீட்டர் தாண்டியாச்சு’ என்று சொல்லும் கணக்கு செல்லாது. அந்தக் கோட்டை வரைய மத்திய அரசு சில நிறுவனங்களுக்கே அனுமதி தந்திருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றுள் ஒன்று.

2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. 200 முதல் 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகளோடு. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் கிராமப்பகுதிகளுக்குத் தடைப்பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. மற்றவற்றுக்கு 200 மீட்டரே நீடிக்கிறது. ஆனால் புது விதி, அதற்கேற்ப வரைபடம் அங்கீகரிக்கப்பட்ட பிறகே செல்லும். அதுவரை 2011 விதிதான். எனவே ‘இப்போ ஐம்பது மீட்டர்தான்’ என்று தரகர் சொன்னால், அந்த சர்வே எண்ணுக்கு உரிய அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எங்கே என்று கேட்க வேண்டும். நகராட்சி எல்லைக்குள் நன்றாக வளர்ந்த பகுதிக்குத் தனி விதி: ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம்.

திறந்த கடலை மட்டும் பார்த்தால் போதாது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைக்கும் முகத்துவாரத்துக்கும் விதி உண்டு: 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இவற்றில் எது குறைவோ அது. காரங்காடு பக்கம் போல அலையாத்திக் காடு உள்ள இடமாக இருந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக்குச் சுற்றிலும் 50 மீட்டர் காப்புப் பகுதி விட வேண்டும்.

தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா?’ ‘பட்டா இருக்கு, தாராளமா கட்டலாம்’ என்றால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். பட்டா கட்டுமான அனுமதி ஆகாது. தெரிந்தவர் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றையும் எழுதிக் கொடுத்து, ‘மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டல ஆணையத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் போடுங்கள்’ என்பார். தடைப்பகுதிக்குள் ஏற்கெனவே வீடு இருந்தால், அது அனுமதி பெற்றுக் கட்டியதா என்பதே முக்கியம். அனுமதி உள்ள வீட்டைப் பழுதுபார்க்கலாம், இருக்கும் அடித்தளப் பரப்புக்குள் திரும்பக் கட்டலாம். அனுமதி இல்லாத வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. வங்கிக் கடனும் கிடைக்காது.

தனுஷ்கோடி பக்கம் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2025 ஜூனில் அப்பகுதியில் 524.7 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ‘மலிவாக ஓர் இடம்’ என்று பேச்செடுப்பவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டியதில்லை.

உப்பு, தண்ணீர், கம்பி

கட்டிய வீட்டைக் காட்டும் தரகர் குறையை மறைக்கிறாரா என்பதைத் தளத்தின் அடிப்பக்கம் சொல்லிவிடும். உப்புக்காற்றும் உப்புநீரும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும்போது துரு பிடிக்கிறது. துரு கம்பியைவிடப் பல மடங்கு பருக்கும். பருத்ததும் கான்கிரீட் வெடித்துப் பெயரும். சன்ஷேடு ஓரம், பீமின் அடி, தரையை ஒட்டிய தூண், குளியலறைக் கூரை ஆகிய நான்கு இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கான்கிரீட் பிடிப்பு விட்டுவிட்டது. வீடு முழுக்கப் பழைய சுண்ணாம்பாக இருக்க, கூரையில் ஒரு பகுதி மட்டும் புதுப் பெயின்டாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ‘பட்டி வெச்சு அடிச்சா போதும்’ என்பது பதில் அல்ல.

கட்டும்போது எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள் என்பதும் கேட்க வேண்டியது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கடலோரத்தில் கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடு இருக்க வேண்டும் என்பதும் அதே நிர்ணயத்தில் உள்ளது. மலிவாகக் கட்டி விற்கும் வீடுகளில் முதலில் கைவைப்பது இந்த இரண்டில்தான்.

கிணற்று நீரை வெயில் காலத்தில், மே மாதத்தில், எடுத்துச் சோதிப்பது நல்லது. மழை முடிந்த தையில் எடுத்தால் உப்பு குறைத்துக் காட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது தர அளவு. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தத் தெருவரை வந்திருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதை உள்ளூர்த் தரகர் சொல்ல முடிய வேண்டும். அதேபோல, 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். பதிலைப் பக்கத்து வீட்டில் சரிபார்க்கலாம். தரகரின் நேர்மையை அளக்க இதைவிட எளிய வழி இல்லை.

பத்திரம் பேசும் வரலாறு

இந்த மாவட்டம் சமஸ்தான நிலமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ஜமீன் நிலங்களுக்கு ரயத்துவாரிப் பட்டா (நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நேரடியாகத் தரும் பட்டா) வந்தது. ஆகவே பழைய நிலங்களுக்குத் தாய்ப் பத்திரம் (உரிமையின் மூலப் பத்திரம்) எங்கே தொடங்குகிறது என்று சொல்லத் தெரியாத தரகர் பாதி வேலைதான் செய்கிறார். இணையத்தில் பொதுவாக 1975 முதல் வில்லங்கம் (இடத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகள்) பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேட வேண்டும்.

இந்தக் கரையில் அடிக்கடி சறுக்கும் இடங்கள்:

1. வெளிநாட்டிலிருந்து வரும் பவர் (பவர் ஆஃப் அட்டர்னி, வேறொருவர் தன் சார்பில் செயல்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்). வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களின் வீடுகள் பவர் மூலம் கைமாறுவது இங்கே சாதாரணம். அங்கே எழுதிய பவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் அதோடு முடிந்தது. எனவே அவரோடு காணொளியில் நேரடியாகப் பேசாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பவரே கிரயம் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாக்கிவிட்டது.

2. வரிப் பிடித்தம். விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போகும்போது 1 விழுக்காடு வரி பிடிக்க வேண்டும். அவர் வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசியாக இருந்தால் 50 லட்சம் என்ற வரம்பு பொருந்தாது. 15 லட்சம் ரூபாய் வீட்டுக்கும் பிடித்தம் உண்டு, விகிதமும் பல மடங்கு கூடுதல். பிடிக்காவிட்டால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். தரகர்களில் பலருக்கு இது தெரியாது. ஆடிட்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

3. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), ஒப்படைப்பு மனை (அரசு கொடுத்த மனை). மீனவக் குப்பங்களில் அரசு இலவசமாகக் கொடுத்த வீட்டுமனைப் பட்டாவில் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். பட்டா நகலின் நிபந்தனைப் பக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

4. கோயில் நிலம், வக்ஃபு நிலம். அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) வகைப்பாட்டைப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு நிர்ணயித்த நில மதிப்பு) பூஜ்யம் என்று காட்டினால் அதுவே எச்சரிக்கை.

5. எல்லைக்கல். சீமைக்கருவேலம் மண்டிய மனையில் ‘அந்த மூலை வரைக்கும்’ என்று கை காட்டுவது அளவு அல்ல. புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகலை வைத்து, சர்வேயரைக் கொண்டு அளந்த பிறகே விலை. மனையில் பனை இருந்தால் இன்னொன்று: வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

தேர்வு செய்யும் முறை

1. குறைந்தது மூன்று பேரிடம் பேசுங்கள். ஒவ்வொருவரிடமும் அண்மையில் முடித்த மூன்று கிரயங்களின் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் கேளுங்கள். பதிவு நடந்ததா என்று இணையத்தில் பார்த்துவிட்டு, வாங்கியவரிடமும் பேசுங்கள்.

2. இடத்தைப் பார்க்கும் முன்பே சர்வே எண் கேளுங்கள். பல தரகர்கள் தயங்குவார்கள். எண் கிடைத்ததும் வாங்குபவர் நேராக உரிமையாளரிடம் போய்விடுவார் என்ற பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம்தான். ‘இன்ன தேதியில் இன்ன சர்வே எண் இடத்தை இவர்தான் எனக்குக் காட்டினார், வாங்கினால் இவருக்குத் தரகு உண்டு’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகும் எண் தராதவருக்கு வேறு காரணம் இருக்கிறது.

3. ‘இந்த இடத்தில் என்ன குறை?’ என்று கேளுங்கள். குறையே இல்லாத கடற்கரை மனை கிடையாது.

4. அவர் காட்டும் வக்கீலிடமே சட்டக் கருத்து வாங்காதீர்கள். வக்கீல் உங்கள் ஆளாக இருக்கட்டும்.

தரகும் அட்வான்ஸும்

தரகுக்குச் சட்டத்தில் நிர்ணயித்த விகிதம் இல்லை. ஒரு பக்கத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு என்பது வழக்கம். எழுத்தில் இருக்க வேண்டியவை: விகிதம், எந்த விலையின் மீது, விற்பவரிடமும் வாங்குகிறாரா, எப்போது தர வேண்டும், உரிமைக் குறையால் கிரயம் நின்றால் தரகு உண்டா. அட்வான்ஸ் அன்றே முழுத் தரகையும் கொடுத்துவிட்டால், அதன்பிறகு காகிதம் சேர்க்க அவரை விரட்ட வேண்டியிருக்கும்.

40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 விழுக்காடு, 3.6 லட்சம். வழிகாட்டி மதிப்பு விலையைவிடக் கூடுதல் என்றால் அதன்மேல் கணக்கு. 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. ‘குறைத்துப் பதியலாம்’ என்று யோசனை சொல்லும் தரகர் உங்களைத்தான் சிக்கலில் விடுகிறார்.

அட்வான்ஸ் போக வேண்டியது விற்பவரின் வங்கிக் கணக்குக்கு; தரகர் கைக்கு அல்ல. நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிந்துவிட்டால் அது வில்லங்கத்தில் ஏறும், அதே இடத்தை இன்னொருவருக்குக் காட்டுவது கடினமாகும். ரெராவில் பதிவான திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது.

தகராறு வந்தால்: ரெரா திட்டத்தின் ஏஜென்ட் என்றால் ஆணையத்தில் 31ஆம் பிரிவின் கீழ்ப் புகார், தரகரின் சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் மாவட்டக் காவல் அலுவலகத்தின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவு. மூன்றிலும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

கிரயம் பதிந்த அன்று தரகு முழுவதையும் தீர்த்துவிடும் வழக்கத்தில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். உட்பிரிவு தேவைப்படாத சொத்துக்குப் பட்டா பெயர் மாற்றம் பதிவோடு தானாகவே நடக்கும். முழு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். பக்கத்து நிலக்காரர் ஆட்சேபிப்பதும், கல் காணாமல் போயிருப்பதும் தெரிய வருவது அப்போதுதான். அந்த நாளில் உரிமையாளரையும் பக்கத்துக்காரரையும் கூட்டிவரக்கூடியவர் தரகர் ஒருவரே. தரகில் கால்வாசியை உங்கள் பெயரில் பட்டா வரும்வரை நிறுத்திவைப்பது என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.